வெளியேறினரா? வெளியேற்றினரா?

பேராக் மாநிலத்துத் தோட்டங்களிலும், ஈப்போ, தைப்பிங், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய ஊர்களிலும் ஆங்கிலங் கற்றவர் என்று பெயர் படைத்த தமிழர் பலர் வாழ்கின்றனர். அவர்கள் ஆங்கிலங் கற்ற விதத்தைக் குறித்தும், அக்கல்வியால் கல்லாத தமிழர்க்கு விளைந்ததும் விளையாததுமான பயனைக் குறித்தும் சில சொல்ல வேண்டியவர்களாயிருக்கிறோம். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. 2003ஆம் ஆண்டில் இந்நாட்டரசாங்கம் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திற் கற்பிக்கத் தொடங்கியபோது இடைநிலைப் பள்ளியிற் புகுந்தவர். இன்று தோட்டத்து ஆபீசிற் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணி. நம் வகுப்பாரைப் பற்றி நாமே பேசாவிடில் வேறு யார் பேசுவர்? அயலான் பேசினால் அதைப் பொறாமையென்று தள்ளிவிடலாம். கிராணி பேசினால் அங்ஙனந் தள்ள இயலாதன்றோ?

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘அப்’, ‘ஓவர்’ போன்ற சிறு சொல்லொன்று சேர்ந்து, தனித்தனிப் பொருளினின்றும் வேறான ஒரு புதுப்பொருளைத் தரும் வழக்குண்டு. இதனைக் கூட்டுவினை என்போம். நகரத்துத் தனிப்பாட வகுப்புகளிலே இக்கூட்டுவினைகளை இருநூறு முந்நூறாகப் பட்டியலிட்டு, எதிரே ஒவ்வொரு பொருளை எழுதி, பிள்ளைகளை மனப்பாடஞ் செய்விக்கின்றனர். அதனோடு நில்லாமல், “இத்தகைய நயம் தமிழில் இல்லை, தமிழ் பழைய பாட்டுக்குத்தான் ஏற்றது, உலக விவகாரத்துக்கு உதவாது” என்று ஓர் உபதேசமும் செய்கின்றனர். இதனைக் கேட்ட பிள்ளை தன் தாய்மொழியை இழிவாக எண்ணக் கற்கிறது. ஆங்கிலமோ அப்பிள்ளைக்கு வந்தபாடில்லை. பட்டியல் வந்தது; மொழி வரவில்லை.

இக்கூற்று எவ்வளவு வெறுமையானது என்பதைக் காட்ட ஆயிரஞ் சொற்களை ஆராய வேண்டுவதில்லை. ஒரேயொரு கூட்டுவினை போதும். தோட்டத்தில் நூறாண்டுக்கும் மேலாக நாள்தோறும் வழங்கி வந்த ‘டர்ன் அவுட்’ என்பதையே எடுத்துக்கொள்வோம்.

‘டர்ன்’ என்பதற்குத் திரும்பு, திருப்பு என்பது பொருள். அதன் மூலம் கிரேக்க, இலத்தீன் மொழிகளிற் கடைசற் பொறியைக் குறித்த சொல்லாகும். சுழற்றுதல் என்னும் கருத்திலிருந்து திருப்புதல் என்னுங் கருத்து வந்தது. ‘அவுட்’ என்பதற்கு வெளியே என்பது பொருள். இவ்விரண்டையுங் கூட்டினால் ‘வெளியே திருப்பு’ என்று வரவேண்டும். ஆனால் வழக்கில் வருவன யாவை? விளக்கை அணைப்பதும் ‘டர்ன் அவுட்’. சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டுவதும் அதுவே. மாட்டையுங் குதிரையையும் கொட்டிலிலிருந்து மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவதும் அதுவே. ஆலையொன்று இத்தனை பொருள்களைச் செய்து தள்ளியது என்பதற்கும் அதுவே. மக்கள் ஓரிடத்தில் வந்து கூடினர் என்பதற்கும் அதுவே. ஒருவன் நேர்த்தியாக உடுத்திருக்கிறான் என்பதற்கும், ஒரு செய்தி முடிவில் இன்னதாய்த் தெரியவந்தது என்பதற்கும் அதுவே. கடைசியாக, குடியிருப்பவனை வீட்டைவிட்டுத் துரத்துவதற்கும் அதுவே.

இத்தனை பொருளும் ஒரு சொற்சேர்க்கையில் அடங்கியிருப்பதைக் கண்டு நம்மவர் வாய்பிளக்கின்றனர். ஆங்கிலேயர் அங்ஙனம் வாய்பிளந்தாரல்லர். சாமுவேல் ஜான்சன் என்னும் பேரறிஞர் 1755இல் தாம் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, இத்தகைய சேர்க்கைகள் அயலார்க்குப் பெரிதும் இடர் விளைப்பன என்பதை உணர்ந்து, அவற்றைத் தனிக்கவனத்தோடு தொகுத்ததாகக் கூறியுள்ளார். தம் மொழியின் கடினத்தை அவர் மறைக்கவுமில்லை. அதனைப் பெருமையாக்கிப் பிறர் தலைமேல் ஏற்றவுமில்லை. அந்த அடக்கம் நம் ஊர்த் தனிப்பாட ஆசிரியரிடத்தில் இல்லை.

இது நிற்க. தோட்டத்திலே இச்சொல் எவ்வாறு வந்து புகுந்தது என்பதை ஆராய்வோம்.

காவற்படையை வெளியே வந்து அணிவகுக்கச் சொல்லும் படைக்கட்டளை ‘டர்ன் அவுட்’. அச்சொல் தனியே வரவில்லை; தன் சுற்றத்தோடு வந்தது. தோட்டத்துமக்கள் விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் ‘பெரட்டு’ என்பது ‘பரேடு’ என்னும் படைச்சொல்லின் திரிபே. அவர்கள் குடியிருந்த ‘லயம்’ என்பதும் படைவீடுகளின் வரிசையைக் குறித்த ‘லைன்’ என்னுஞ் சொல்லே. பெரட்டு, லயம், டர்ன் அவுட் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், தோட்டத்தை அமைத்தவர் தம் மனத்தில் எதனை வைத்து அமைத்தார் என்பது விளங்காதா? உழவனை வைத்தன்று, சிப்பாயை வைத்தன்றோ அமைத்தார்? சிப்பாய்க்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். நம்மவர்க்கு உளியும் வாளியுங் கொடுத்தார்கள். வேற்றுமை அவ்வளவே.

விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்திற் பால் நன்றாக ஓடும். ஆகையால் இருட்டிலேயே பெரட்டு. அங்கே வந்து நின்ற தலைகளின் தொகைக்கே ‘டர்ன் அவுட்’ என்று பெயர். அத்தொகையை எழுதுவது கிராணியின் முதல் வேலை. அந்நாளில் கங்காணிக்குத் தன்கீழுள்ள ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தனரோ, அத்தனை தலைக்கும் இத்தனை காசென்று தலைக்காசு கொடுக்கும் வழக்கமும் இருந்தது. காய்ச்சற்காரியை எழுப்பி நிறுத்தினாலும் ஒரு தலை. பிள்ளை பெற்றவளை இழுத்து வந்தாலும் ஒரு தலை. தலை குறைந்தாற் காசு குறையும். ‘மக்கள் வேலைக்குத் திரண்டு வந்தனர்’ என்று ஆபீசுக் குறிப்பில் எழுதப்பட்ட அதே வினைக்குப் பின்னால் எத்தனை கதவுகள் இருட்டில் தட்டப்பட்டன என்பதை அக்குறிப்பு சொல்லாது. 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளாக ஆட்களை அனுப்புவதைத் தடுத்தபின் கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது ஒழிந்தது. கங்காணி ஒழிந்தும் வினைச்சொல் ஒழியவில்லை. அறிக்கைகளில் அது நிலைத்தது.

ஆலைக்குச் சென்ற ரப்பரின் எடையையும் அவ்வறிக்கைகள் அதே சொல்லால் அளந்தன. காலையில் வந்த ஆளும் ‘டர்ன் அவுட்’. மாலையில் எடை பார்த்த சரக்கும் ‘டர்ன் அவுட்’. ஆளுக்குஞ் சரக்குக்கும் ஒரு சொல்லே போதுமென்று கருதியவர் யார்? ஆங்கில இலக்கணமா? அன்று. இலக்கணம் இரண்டுக்கும் இடங்கொடுத்தது. இரண்டையும் ஒரே தாளில் எதிரெதிரே நிறுத்தியது தோட்டக் கணக்கு.

இனி அச்சொல்லின் கொடிய பொருளுக்கு வருவோம். தோட்டத்து வீடு தோட்டத் தொழிலாளியின் வீடன்று. வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். தாத்தன் பிறந்து, தந்தை பிறந்து, தான் பிறந்த வீடேயாயினும், வேலை போன மறுமாதம் அங்கே அவனுக்கு உரிமை இல்லை. மலேயா விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னும் பின்னும், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிச் சிறு நிலங்களாக மறுபடி விற்றனர். இதனையே நம்மவர் தோட்டத் துண்டாடல் என்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். துண்டுபட்ட நிலத்தில் பழைய தொகைக்கு வேலையில்லை; வேலையில்லாதவர்க்கு லயத்தில் இடமில்லை. சுங்கை சிப்புட்டிற் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை விலைக்கு வாங்க முனைந்தது இக்கொடுமையைக் கண்டே. தொழிலாளியின் பத்து வெள்ளியும் பத்து வெள்ளியும் சேர்ந்து கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. அச்சங்கத்தின் பிற்கால நடப்பைப் பற்றி எவர் என்ன கருதினும், அதன் தொடக்கம் ஒரு வினைச்சொல்லுக்கு எதிராக எழுந்த தொடக்கமே.

பின்னர் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டனர். செம்பனையை வெட்டி வீட்டுமனையாக்கினர். ஒவ்வொரு மாற்றத்திலும் லயத்துக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியே நின்றன. கோலக்கங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாய் நிற்கிறது. அதனைப் பாதுகாத்துப் போற்றுகின்றனர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுகின்றனர். அது நன்றே. ஆனால் அம்மரத்தின் இனத்தைக் காட்டுக்குக் காடு நட்டு, களையெடுத்து, பாலெடுத்த மக்களின் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பில் ஒரு கூறேனும் கிடைத்ததா?

இங்கேதான் நம் வாதத்தின் உயிர்நிலை இருக்கிறது. ஆகவே அன்பர்கள் சற்றே பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

ஆங்கிலத்தில் ‘தொழிலாளர் டர்ன் அவுட் ஆயினர்’ என்பதற்கும் ‘டர்ன் அவுட் ஆக்கப்பட்டனர்’ என்பதற்கும் இடையே ‘வேர்’ என்னும் ஒரு சிறு துணைச்சொல்லே வேற்றுமை. பத்திரிகைத் தலைப்பிலும், தந்தியிலும், ஆபீசுக் குறிப்பிலும் அத்துணைச்சொல் விடுபட்டுப் போகும். விடுபட்டால், வந்து கூடினவரும் துரத்தப்பட்டவரும் ஒரே வடிவில் நிற்பர். தமிழிலோ வினைச்சொல்லின் வயிற்றிலேயே வேற்றுமை இருக்கிறது. வெளியேறு என்பது தன்வினை. வெளியேற்று என்பது பிறவினை. திரும்பு, திருப்பு, அகலு, அகற்று, நீங்கு, நீக்கு, ஆடு, ஆட்டு, கூடு, கூட்டு. ஓர் ஒற்றெழுத்து மெலிந்தாலும் வலித்தாலும், செய்தவன் யார் என்பது மாறிவிடுகிறது. ‘வெளியேறினர்’ என்றால் தாமே போயினர். ‘வெளியேற்றினர்’ என்றால் இன்னொருவன் இருக்கிறான். அவன் பெயரைச் சொல் என்று வாக்கியமே கேட்கிறது. லயத்துக் கிழவியும் இவ்வேற்றுமையில் தவறமாட்டாள். அவளுக்கு இதனை எந்தப் பட்டியலுங் கற்பிக்கவில்லை.

இது தமிழுக்கு மட்டுமே வாய்த்த தனிப்பெருமை என்று நாம் கூறவில்லை. நம்மோடு வாழும் மலாய் மக்களின் மொழியிலும் ‘கெலுவார்’ என்றால் தான் வெளியே போதல். ‘டிகெலுவார்கான்’ என்றால் வெளியேற்றப்படுதல். ஆங்கிலத்திலும் வேண்டியவன் செய்தவனைப் பெயர் சொல்லி எழுதலாம். மொழி எதுவாயினும் ஒளிப்பவன் ஒளிப்பான். தமிழிலேயே ‘வெளியேற்றப்பட்டனர்’ என்று செயப்பாட்டுவினையாய் எழுதி, எவரால் என்பதை விட்டுவிடலாம். ஆதலின் நாம் குற்றஞ் சாட்டுவது மொழியையன்று. மொழியை அறிந்தும் அறியாதார் போல் எழுதும் எழுத்தரையே.

அத்தகைய எழுத்து தமிழிற் குறைவா? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. அம்மக்களுள் ஒருவரையுங் கேட்டு அத்தொகையைப் பிரிக்கவில்லை. அங்ஙனம் அனுப்பப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் வைத்த பெயர் என்ன? ‘தாயகம் திரும்பியோர்’! கண்டியிலும் அட்டனிலும் பிறந்து, ஒருநாளும் தமிழ்நாட்டை மிதியாத பிள்ளை எங்கே போய் எங்கே திரும்பியது? திருப்பப்பட்டவரைத் திரும்பியோர் என்று எழுதிய கை, ஒரு பகரத்தை மகரமாக்கி இரண்டு அரசாங்கங்களின் செயலை மறைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்ப்பதற்கு அனுமதிச்சீட்டு வேண்டுமென்றாயிற்று. விண்ணப்பத்தாள் நிரப்பத் தெரியாமலும், பிறப்புப் பத்திரம் இல்லாமலும், இருந்த பத்திரத்திற் பெயர் பிழையாயிருந்தமையாலும் குடியுரிமை பெறாதிருந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவர் வேலையிழந்து கப்பலேறினர். அவர்களைப் பற்றிப் பேசுவோர் இன்றும் ‘ஊருக்குப் போய்விட்டார்கள்’ என்றே பேசுகின்றனர். தோட்டத்தை விட்டு நகர்ப்புறக் குடிசைகளுக்கு வந்தவர்களைப் பற்றி எழுதுவோர் ‘நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்’ என்றே எழுதுகின்றனர். பறவையன்றோ பருவம் பார்த்துப் பெயரும்? கூரையைப் பிரித்தபின் பெயர்ந்தவனைக் குடிபெயர்ந்தான் என்பது எந்த ஊர் வழக்கு?

இன்னும் ‘டர்ன் அவுட்’ என்பதற்கு முடிவில் இன்னதாய்த் தெரியவந்தது என்ற பொருளொன்று உண்டென்றோம். ‘விலை இறங்கியதாகத் தெரியவந்தது’, ‘தோட்டம் இலாபமற்றதாகத் தெரியவந்தது’, ‘குடியிருப்போர்க்கு உரிமை இல்லையெனத் தெரியவந்தது’ என்று கடிதங்கள் வரும். தெரியவந்தது யாருக்கு? எப்பொழுது? எவர் கணக்கால்? இப்பொருளில் அக்கூட்டுவினைக்கு உண்மையான எழுவாயே இல்லை. ‘இட்’ என்னும் வெற்றுச்சொல்லொன்று எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அந்த ‘இட்’டை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிப்பது?

எடுத்துக்காட்டுக்காக நாமே ஒரு வாக்கியம் அமைக்கிறோம். ‘டர்ன் அவுட் குறைந்ததால், டர்ன் அவுட்டும் குறைந்ததாக டர்ன் அவுட் ஆயிற்று, ஆகவே குடியிருப்போர் டர்ன் அவுட் செய்யப்படுவர்.’ இதனை வேடிக்கையென்று சிரிப்பவர் சிரிக்கட்டும். ‘வேலைக்கு வந்த ஆள் குறைந்ததால் சரக்கும் குறைந்ததென்று கம்பெனி கணக்கிட்டது, ஆகவே குடியிருப்போரைக் கம்பெனி வெளியேற்றும்’ என்று தமிழில் எழுதினால் சிரிப்பு நின்றுவிடும். கேள்வி பிறக்கும்: ஆள் ஏன் குறைந்தது? கணக்கைக் காட்டு! வெளியேற்றுவது எந்தச் சட்டத்தால்?

கூட்டுவினையை அரைகுறையாய்க் கற்பதனால் வரும் நட்டத்துக்கு மற்றோர் உதாரணங் காட்டுவோம். ‘லே ஆஃப்’ என்பதற்கு ‘வேலையை விட்டு நிறுத்து’ என்று பட்டியலிற் பொருள் எழுதியிருக்கும். மாணவனும் அதையே ஒப்பிப்பான். ஆனால் இந்நாட்டில் 1980ஆம் ஆண்டு முதல் வழங்கும் வேலைமுடிவு, லே ஆஃப் நன்மை விதிகளில் அச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. வேலை கொடுத்தால்தான் கூலி என்ற ஏற்பாட்டில் உள்ள தொழிலாளிக்கு, தொடர்ந்த 4 வாரங்களுள் குறைந்தது 12 வேலைநாட்கள் முதலாளி வேலையுங் கொடாமல், அந்நாட்களுக்குக் கூலியும் இல்லாமற் போனால், அவன் லே ஆஃப் செய்யப்பட்டவனே. நீக்கக் கடிதம் வரவேண்டுமென்பதில்லை. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவனாயின் அவனுக்குப் பணம் உண்டு. 2 ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாட் கூலி. 2 முதல் 5 ஆண்டுக்கு உட்பட்டதற்கு 15 நாட் கூலி. 5 ஆண்டும் அதற்கு மேலுமாயின் 20 நாட் கூலி. பத்தாண்டு உழைத்தவனுக்கு இருநூறு நாட் கூலி என்றாயிற்று. ஒரு சொல்லின் பொருள் அறியாமையால் இருநூறு நாட் கூலி போகுமென்றால், அச்சொல்லை ஒப்பித்துக் கைதட்டு வாங்குவது கல்வியா, களவுக்குத் துணையா?

இனி, ‘தமிழில் இத்தகைய நயம் இல்லை’ என்ற உபதேசத்துக்கு விடை கூறுவோம். ‘தள்ளு’ என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடு என்றால் நாளை ஒத்திவைத்தல். தள்ளிப்போ என்றால் விலகிச் செல்லுதல். தள்ளிவை என்றால் ஊராரோடு சேரவிடாமல் ஒதுக்குதல். தள்ளிவிடு என்றால் கீழே வீழ்த்துதல். சந்தையிலோ கிடைத்த விலைக்கு விற்றுத் தொலைத்தல். தள்ளுபடி என்றால் விலைக்குறைப்பு. நீதிமன்றத்திலோ வழக்கு தோற்றது. தள்ளாமை என்றால் முதுமை. ‘எழுதித் தள்ளினான்’ என்றால் ஓயாமல் எழுதினான். ஆங்கிலேயனொருவன் இவ்வொன்பது பொருளையுங் கற்கப் புகுந்தால், நம் பிள்ளைகள் ‘டர்ன் அவுட்’டுக்கு அழுவது போல் அவனும் அழுவான். மேற்கொள், கைக்கொள், கைவிடு, கையாள், முன்வை, புறப்படு, உடன்படு, வெளியிடு முதலியனவும் அத்தகையனவே. கைவிடப்பட்டவளுக்குக் கையா போயிற்று? நாள்தோறும் இவற்றை வழங்கிக்கொண்டே, தமிழிற் கூட்டுவினை இல்லையென்பவன், மூக்குக் கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே வீடெல்லாந் தேடுபவனுக்கு ஒப்பாவான்.

இதற்கு மாறாக, ‘ஆங்கிலமே வேண்டாம், அதனால்தான் நாம் கெட்டோம்’ என்று முழங்கும் தமிழன்பர் சிலரும் உளர். அவர்களையும் நாம் ஒப்பவில்லை. கம்பெனியின் கடிதம் ஆங்கிலத்தில் வரும். அரசாங்கத்தின் அறிவிப்பு மலாயில் வரும். அவ்விரண்டையும் படிக்க மாட்டாதவன் தமிழில் எவ்வளவு பெரும்புலவனாயினும் லயத்தைக் காப்பாற்ற மாட்டான். பகைவனின் வாள் எப்பக்கம் கூரென்று அறியாதவன் கேடயத்தை எப்பக்கம் பிடிப்பான்? ஆங்கிலத்தை அரைகுறையாய் அன்று, அடிமுதல் நுனிவரை கற்கவேண்டும் என்பதே நம் கட்சி.

மற்றுஞ் சிலர், ‘தோட்டமே போயிற்று, பெரட்டில் நிற்பவர் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் அல்லரோ? பழங்கதை எதற்கு?’ என்பர். பெரட்டில் நிற்பவர் மாறினர், மெய்தான். மாறியதனால் சொல்லின் வேலை மாறிற்றா? அவர்களும் இருட்டில் எழுந்து நிற்கின்றனர். அவர்களும் வேலையோடு வந்த கூரையின் கீழ் உறங்குகின்றனர். அனுமதிச்சீட்டு முடிந்தால் அவர்களும் வெளியேற்றப்படுகின்றனர். நம் பாட்டன் பட்டதை இன்னொருவன் பாட்டன் வயதில் அன்றி, பேரன் வயதிற் படுகிறான். செக்ரோலில் அவன் பெயரை எழுதும் தமிழ்க் கிராணிக்கு இது தெரியாவிடில் வேறு யாருக்குத் தெரியும்?

கிராணி என்ற வகுப்பாரைப் பற்றியும் ஒரு சொல். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், வெள்ளைக்காரத் துரைமாரையும் ஆபீசு உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. துரைக்கு மட்டுமன்று, ஆபீசு உத்தியோகஸ்தனுக்கும் இறங்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அவனுக்கு அந்த மதிப்பை வாங்கிக் கொடுத்தது எது? நிறமா? அவனும் நம் நிறமே. செல்வமா? அவன் சம்பளம் ஊரறிந்தது. துரையின் கடிதத்தைப் படிக்கத் தெரிந்த ஒன்றே. படித்ததைப் பகிர்ந்திருந்தால் அது அறிவு. பூட்டி வைத்ததனால் அது அதிகாரமாயிற்று. சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் போய்விட்டது. ‘உனக்குச் சொன்னால் விளங்காது, கையெழுத்துப் போடு’ என்னும் வழக்கம் போய்விட்டதா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும் நம் தோழர்கள்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. முதலாவது, தோட்டத்திலும் ஆலையிலும் ஒட்டப்படும் ஒவ்வோர் அறிவிப்பையும் கையெழுத்துக்காக நீட்டப்படும் ஒவ்வொரு தாளையும், ஆங்கிலமறிந்த தமிழ் உத்தியோகஸ்தன் எழுவாயைக் காட்டித் தமிழில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ‘வெளியேற வேண்டும்’ என்றன்று, ‘உங்களை இன்னார் இன்ன தேதியில் வெளியேற்றப் போகிறார்’ என்று சொல்லவேண்டும். இதற்கு எவர் உத்தரவும் வேண்டா, நாவிருந்தாற் போதும். இரண்டாவது, ஆங்கில ஆசிரியர்கள் கூட்டுவினைப் பட்டியலைக் கிழித்தெறிந்து, சம்பளச் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் வேலைக் கடிதத்தையும் வகுப்பிற்குக் கொண்டுவந்து, அவற்றிலுள்ள வினைகளைக் கற்பிக்க வேண்டும். அப்பொழுது பிள்ளைக்கு மொழியும் வரும். தந்தைக்கு வழியும் பிறக்கும். மூன்றாவது, நம் வரலாற்றை எழுதப்புகும் தமிழர், ‘போயினர், பெயர்ந்தனர், திரும்பினர், வெளியேறினர்’ என்று எழுதுமுன் ஒருகணம் பேனாவை நிறுத்தி, அது தன்வினையா பிறவினையா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும்.

பிறவினையென்று தெரிந்தால், செய்தவன் பெயரைத் தேடி எழுதுக. அவன் வெள்ளைக்காரனாயினும் எழுதுக; நம்மவனாயினும் எழுதுக. நம்மவன் பெயர் வரும் இடத்தில் மட்டும் பேனா மை வற்றிப் போகுமாயின், அவ்வரலாறும் இன்னொரு செக்ரோலேயன்றி வேறன்று.